படத்த பாத்தா தெரியுது, வரையச் சொன்னா வரல… என்ன பண்றது?

எக்ஸாமுக்கு முந்தின நாள் இதயம் டயக்ராம பத்து தடவ பாத்திருப்பீங்க, எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஹால்ல பென்சில எடுத்தா அயோர்ட்டா (ஒடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்) எங்கேருந்து கிளம்புதுன்னே வராது. மண்டையில ஏறலன்னு நெனைக்காதீங்க. பாத்த படத்த அடையாளம் கண்டுபிடிக்கிறது வேற, வெறும் பேப்பர்ல அத வரவழைக்கிறது வேற.

அடையாளம் காண்றதுல எல்லாருமே கில்லாடிதான். 1973ல லயனல் ஸ்டாண்டிங்னு ஒருத்தர் 10,000 படத்த ஒவ்வொண்ணா சில செகண்ட் காட்டிட்டு, அப்புறம் பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு ஜோடியா வச்சு எது பாத்ததுன்னு கேட்டாரு, 83 சதவீதம் சரியா சொன்னாங்க. ஆனா 1979ல நிக்கர்சன், ஆடம்ஸ்னு ரெண்டு பேரு அமெரிக்காக்காரங்கள தினமும் பாக்குற பென்னி காச மனசுலேருந்து வரையச் சொன்னா, முக்கியமான எட்டு அம்சத்துல பாதி பேருக்கு மூணு தாண்டல! (நம்பலன்னா பத்து ரூபா காச பாக்காம வரைஞ்சு பாருங்க.)

அதனால படத்த மொறச்சு மொறச்சு பாக்குறத விடுங்க. ரெண்டு நிமிஷம் பாருங்க, புக்க மூடுங்க, ரஃப் நோட்ல கோணலா இருந்தாலும் பரவால்லன்னு வரைங்க, அப்புறம் புக்க தொறந்து, விட்டுப்போனது, இடம் மாத்தி போட்டது மட்டும் செகப்புல குறிங்க, அடுத்த தடவ அத மட்டும் பாத்தா போதும். ஸ்கெட்ச் பென் எடுத்து அரை மணி நேரம் கலர் அடிக்கிறவங்கள பாத்தா எனக்கு பாவமாத்தான் இருக்கும்.

பாக்கும்போதே ஏன்னு கேளுங்க. இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தோட கீழ் அறை) சுவர் ஏன் தடிமன்? ஒடம்பு முழுக்க ரத்தத்த தள்ளுறது அதுதான், வலதுக்கு பக்கத்துல இருக்குற நுரையீரலுக்கு அனுப்புனா போதும். அயோர்ட்டா எதுலேருந்து கிளம்பும்ங்கிற கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. அப்புறம், இதயம் எதுத்தாப்புல நிக்கிற ஆளோடதுன்னு வச்சுக்கோங்க, அவரோட இடது பேப்பர்ல நம்ம வலது பக்கம் வரும், முக்காவாசி பேரு கோட்ட விடுறது இங்கதான்.

மறுநாள் காலைல புக்க தொடாம இன்னொரு தடவ வரைங்க. போர்டுல போட்டத போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தா, அத தொறக்குறது இதுக்கு அப்புறம்தான்.