வீட்டில் ஒரு தாழ்ந்த பார்: குடும்பத்தோடு ட்ரப்பீஸ் பழகுவது எப்படி?

சர்க்கஸ் கூடாரத்தில் ட்ரப்பீஸை, அதாவது இரு கயிற்றில் தொங்கும் பாரில் ஆடிப் பறக்கும் பார் விளையாட்டைப் பார்த்துவிட்டு, நாமும் பழகினால் என்ன என்று நினைக்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் பழகலாம். ஆனால் வேலையும் பிள்ளைகளும் உள்ளவருக்கு வலை கட்டிய மேடையில் பறக்கக் கிடைப்பது ஆண்டில் சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் வீட்டில் தொங்குவதே பயிற்சி. மேடையில் புதியவர்களை முதலில் கைவிடுவது பிடிதான், அடுத்தது தோள். இரண்டையும் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25 நிமிடம் ஒதுக்கினால் வீட்டிலேயே தேற்றிவிடலாம்.

வீட்டுப் பாரில் வீசி மட்டும் ஆடாதீர்கள். கயிறு நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 60 பாகை சாய்ந்து வீசினால் கீழே வரும்போது கயிற்றில் விழும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டு மடங்கு; 90 பாகை என்றால் மூன்று மடங்கு. 70 கிலோ ஆள் அங்கே 210 கிலோ. தவிர, பெரிய மேடையின் நீளக் கயிற்றில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். வீட்டுக் குட்டைக் கயிறு அதைவிடச் சீக்கிரம் போய்விடும். இங்கே பழகிய நேரக் கணக்கு அங்கே உதவாது.

எதில் தொங்கவிடுவது?

காங்கிரீட் தட்டு வீட்டில் ஃபேன் மாட்டும் கொக்கியைத் தொடவே வேண்டாம். பழைய ஓட்டு வீட்டில் ஊஞ்சலுக்கென்றே உத்திரத்தில் போட்ட இரும்பு வளையம் இருந்தால், தச்சரைக் கூப்பிட்டுக் கரையான், உளுப்பு பார்த்தபின் பயன்படுத்தலாம். தட்டில் புதிதாகக் கொக்கி போடுவதை இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும்; மேலே துளை போய்விட்டால் ஆனி மழையும் ஐப்பசி மழையும் சும்மா விடாது.

விளையில் (தோட்டத்தில்) மரம் இருந்தால் அயனியோ பலாவோ நல்லது. கிளை பச்சையாக, 20 செ.மீ.க்குக் குறையாத தடிமனில், அடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரப்பர் கிளை காற்றுக்கே ஒடியும். முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாரும் கயிறும்

25 மி.மீ. தடிமனுள்ள முழு இரும்பு ராட், 55 செ.மீ. நீளம் போதும். இரு முனையிலும் 5 செ.மீ. அகல வாஷரை வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். கயிறு ராட்டையே சுற்றி அடியிலிருந்து தாங்க வேண்டும். வாஷரின் வேலை கயிறு வெளியே வழுகாமல் தடுப்பது மட்டும். வெல்டிங்கை நம்பி எடையைத் தொங்கவிடுவது தப்பு, உள்ளே விட்ட ஓட்டை வெளியே தெரியாது.

கயிறு 16 மி.மீ. பாலியஸ்டர். முடிச்சு போட்ட இடத்தில் எந்தக் கயிறும் வலுக் குறையும், அதனால்தான் இந்தத் தடிமன். மீன்பிடித் துறைமுகப் பக்கம் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கெட்டுவிடும், உரசலில் உருகும். மேலே 8 எழுத்து வடிவ முடிச்சு ஒன்று போட்டு, பூட்டுத் திருகு உள்ள காரபினரில் (திறந்து மூடும் உலோக வளையம்) மாட்டுங்கள். பாருக்கு மேலே ஒரு முழம் வரை கயிற்றில் பழைய வேட்டியைக் கிழித்து இறுகச் சுற்றினால் தொடையும் கையும் உரியாது.

குளச்சல், முட்டம் போலக் கடலோரமாக இருந்தால் சாதாரண இரும்புக் கொக்கியில் உப்புக்காற்று சீக்கிரம் வேலையைக் காட்டும். 316 ரக ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். 304-இல் கூடப் பழுப்புப் புள்ளி விழும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பாருங்கள்.

உயரம், மெத்தைமேல் நிற்கும்போது உங்கள் கண் மட்டம். முழங்காலில் தலைகீழாகத் தொங்கினால் கை மெத்தையைத் தொட வேண்டும், தலை ஒரு சாணுக்கு மேல் விலகியிருக்க வேண்டும். மெத்தை 20 செ.மீ. கனத்தில், பாரின் முன்னும் பின்னும் ஒரு ஆள் நீளம் கிடக்கட்டும்.

25 நிமிடம்

மோதிரத்தைக் கழற்றுங்கள். பாரில் மாட்டிய மோதிரம் விரலின் தோலையே உரித்துவிடும். வளையல், சங்கிலியும் அப்படியே. தாலியைக் கழற்ற மனமில்லையென்றால் பனியனுக்குள் பின் குத்திக்கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கைக்கு மெக்னீசியம் கார்பனேட் சாக் பொடி; நம்மூர்ப் புழுக்கத்தில் கட்டிபிடிக்கும், மூடிய டின்னில் வையுங்கள். டால்கம் பவுடர் பூசினால் வழுகும்.

ஐந்து நிமிடம் தோளைச் சூடாக்கிய பிறகு, காலை மடக்கி 20 வினாடி தொங்கி ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து முறை. அடுத்து முழங்கை மடங்காமல் தோளை மட்டும் காதிலிருந்து கீழே இழுப்பது, எட்டு வீதம் மூன்று சுற்று. இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகிறவர்களுக்குத்தான் தோள்வலி வருகிறது.

பிறகு முழங்கால் தொங்கல். முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, பாதங்களைக் கைகளுக்கு நடுவே விட்டு, பாரை முழங்கால் மடிப்பில் மாட்டுங்கள். கையை விடுமுன் குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுத்து வைக்க வேண்டும். பலரும் விழுவது இங்கேதான்: பயத்தில் கால் நீளும், மடிப்பு திறக்கும். அதனால் முதல் சில வாரம் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ பக்கத்தில் நின்று கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இறங்கும்போது முதலில் இரு கையும் பாரில், அப்புறம்தான் கால்.

தொங்கும்போது முழங்காலைத் தூக்குவது பெரும்பாடாக இருக்கும். மேடையில் ஆட்டத்தின் முன்கோடியில் உடல் ஒரு கணம் எடையற்றுப் போகும். அப்போது தூக்கினால் சுலபம், அரை வினாடி பிந்தினால் தூக்கவே வராது. அந்தக் கணத்தைக் கீழே நிற்பவர் குரல் கொடுத்துக் காட்டுவார். புறப்பட "ஹெப்" என்பார்கள். யோசிக்காமல் குரலுக்குக் கீழ்ப்படிவதை வீட்டில் பழகலாம்: பிள்ளை "ஹெப்" சொன்னதும் கால் மேலே போக வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

முடிந்ததும் பாரைக் கழற்றிப் பீரோமேல் வைத்துவிடுங்கள். தொங்கும் கயிறு குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. ஆளில்லாத வீட்டில் தனியாகத் தொங்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, கண் அழுத்தம், முன்பு தோள் விலகியவர்கள், கர்ப்பிணிகள், பிரசவம் முடிந்து சில மாதமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மேடைக்குப் போகும்போது

கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கிய கேரளத்தின் தலச்சேரி, நாகர்கோவிலிலிருந்து பரசுராம் எக்ஸ்பிரஸில் ஒரு பகல் தூரம். அந்தப் பக்கம் பழைய கலைஞர்களிடம் விசாரிக்கலாம். எங்கே போனாலும் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். இடுப்புப் பெல்ட்டின் இரண்டு பக்கமும் கயிறு உண்டா, அதைப் பிடிப்பவர் பயிற்சி பெற்றவரா, வலை இரு கோடியிலும் மேலேறி நிற்கிறதா. பெல்ட் இல்லாமல் முதல் நாளே ஏறச் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

வலையில் விழுவது முதுகால்தான். காலை ஊன்றினால் கணுக்கால் போகும், கையை நீட்டினால் மணிக்கட்டு. மோவாயை நெஞ்சோடு சேர்த்து மல்லாந்து விழுவதை, மெத்தையில் உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்ந்து முன்கூட்டியே பழகிக்கொண்டு போங்கள். மேடை நாளுக்கு முந்தைய இரண்டு நாள் வீட்டுப் பாரில் தொங்க வேண்டாம். உள்ளங்கைக் காய்ப்பை மட்டும் குளித்தபின் கால் தேய்க்கும் கல்லால் மட்டமாக்குங்கள். மேடாக விட்ட காய்ப்புதான் கிழியும்.