நாள்பட்ட லுகேமியாவில் தோல் முடிச்சு: புற்றணு புகுந்ததா, வேறு காரணமா?

சி.எல்.எல். (நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா; பி-செல் எனும் லிம்போசைட் வகை வெள்ளையணுக்களின் புற்றுநோய்) உள்ளவரின் தோலில் புதிதாக ஒரு முடிச்சோ தடிப்போ தெரிந்தால் சந்தேகப் பட்டியல் நீளமானது: லுகேமியா அணுக்கள், மருந்து ஒவ்வாமை, அக்கி, பூஞ்சைத் தொற்று, பூச்சி கடித்தாற்போன்ற மிகை எதிர்வினை. கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பயாப்ஸி (திசுத் துண்டுப் பரிசோதனை) எடுத்தே ஆக வேண்டும்.

ஆனாலும் முதலில் நன்றாகப் பாருங்கள். செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ, தொட்டால் கெட்டியாக, அரிப்பு அதிகமில்லாமல் முகத்திலோ காது மடலிலோ இருந்தால் சந்தேகம் கூடும். பழைய அக்கித் தழும்பின் மேலேயே முளைப்பதும் உண்டு. கண்ணாடி ஸ்லைடால் அழுத்தியும் நிறம் மறையாவிட்டால் ரத்தக்கசிவு. பிளேட்லெட் எண்ணிக்கையையும், இப்ரூட்டினிப் போன்ற, ரத்தக்கசிவைத் தூண்டக்கூடிய சி.எல்.எல். மருந்து எடுக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

பயாப்ஸிக்குப் புதிய, சொறிந்து புண்ணாகாத முடிச்சைத் தேர்ந்தெடுங்கள். பஞ்ச் (தோலை வட்டமாகத் துளைத்தெடுக்கும் கருவி) 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கொழுப்பு அடுக்கு வரை இறங்க வேண்டும். மேலாகச் சீவி எடுத்தால் பயனில்லை. மேல்தோலுக்கு அடியில் ஒரு வெற்றுப் பட்டை விட்டு, அதற்கும் கீழேதான் புற்றணுக்கள் பெரும்பாலும் திரண்டிருக்கும். துண்டை இடுக்கியால் நசுக்காதீர்கள். லிம்போசைட்டுகள் மென்மையானவை, நசுங்கினால் மைக்ரோஸ்கோப்பில் மை இழுத்தது போலத்தான் தெரியும். கொழுப்புப் பக்கம் ஊசி முனையால் தூக்கி, அடியை வெட்டுங்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் தையல் போட்டு, நேரம் எடுத்து அழுத்திப் பிடியுங்கள்.

துண்டுகள் இரண்டு வேண்டும். ஒன்று 10% ஃபார்மலினில். மற்றொன்று சலைனில் நனைத்த காஸ் துணியில், ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் (உயிரணுக்களை வகை பிரித்து எண்ணும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமி வளர்த்துப் பார்ப்பது). அவசரத்தில் இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. அதன்பின் அந்த இரண்டு பரிசோதனைக்கும் வழியில்லை. கோரிக்கைப் படிவத்தில் 'தோல் முடிச்சு' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். சி.எல்.எல். இருப்பது, தற்போதைய வெள்ளையணு எண்ணிக்கை, ரிட்டுக்ஸிமாப் (பி-செல்லின் சி.டி.20 புரதத்தைத் தாக்கும் மருந்து) போட்டது எப்போது என எல்லாம் வேண்டும்.

மைக்ரோஸ்கோப்பில் ரத்தக்குழாய்களையும் மயிர்க்கால்களையும் சுற்றி, அல்லது முடிச்சுகளாகத் திரண்டு, சிறிய உருண்டை லிம்போசைட்டுகள் தெரியும். அணுக்களின் அடையாளப் புரதங்களைக் காட்டும் சாயங்கள்: சி.டி.20, பாக்ஸ்5 (இரண்டும் பி-செல் அடையாளம்), சி.டி.3 (டி-செல் அடையாளம்), சி.டி.5, சி.டி.23, சைக்ளின் டி1, எல்.இ.எஃப்.1.

சறுக்குவது சி.டி.5-இல்தான். சாதாரண டி-செல்லும் அதை ஏற்கும் என்பதால், அது மட்டும் பாசிட்டிவ் என்பதால் எதுவும் நிரூபணமாகாது. சி.டி.3, சி.டி.5, பாக்ஸ்5 மூன்றையும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பாக்ஸ்5 ஏற்ற அதே அணுத்திரள் சி.டி.5-ஐ ஏற்று, சி.டி.3-ஐ ஏற்காமல் இருக்க வேண்டும். சி.எல்.எல்.லில் சி.டி.20 மங்கலாகவே ஏறும்; ரிட்டுக்ஸிமாபுக்குப் பிறகு காணாமலே போகலாம். அதை மட்டும் நம்பினால் நோய் கைநழுவும். சைக்ளின் டி1 பாசிட்டிவ் என்றால் மேன்டில் செல் லிம்ஃபோமா (வேறொரு பி-செல் புற்றுநோய்) பக்கம் யோசியுங்கள்.

புற்றணு இருப்பது வேறு, முடிச்சுக்குக் காரணம் அதுவே என்பது வேறு. ரத்தத்தில் ஏராளமாக ஓடும் அணுக்கள், அக்கியோ தோல் புற்றுநோயோ இருக்கும் இடத்துக்கு அழற்சியோடு சேர்ந்தே வந்துவிடும். ரத்தக்குழாயைச் சுற்றி நாலைந்து அணு, மற்றபடி ஈசினோஃபில்களும் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளையணுக்கள்) டி-செல்களும் என்றால், அது பூச்சிக்கடி போன்ற எதிர்வினையாகத்தான் இருக்கும். குழப்பம் தீராவிட்டால் பி-செல்லின் கைரேகை போன்ற ஐ.ஜி.எச். மரபணு மறுசீரமைப்பைத் தோலிலும் ரத்தத்திலும் பார்த்து ஒப்பிடலாம். ஆனால் ஒரே குளோன் (ஒரே அணுவின் வழித்தோன்றல்கள்) என்று வந்தாலும் எவ்வளவு அணு, எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பெரிய அணுக்கள் தகடாகப் பரவி, அணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 மிக அதிகமாக இருந்தால் ரிக்டர் மாற்றம் (சி.எல்.எல். தீவிர லிம்ஃபோமாவாக மாறுவது), சிகிச்சையே மாறும். சிறிய அணுக்கள் மட்டும் என்றால் பதற வேண்டாம். 2018 சர்வதேச சி.எல்.எல். வழிகாட்டுதலின்படி, தோல் பாதிப்பு தொல்லை தந்தாலோ உறுப்பின் செயல்பாட்டைக் கெடுத்தாலோ அது சிகிச்சை தொடங்கக் காரணம்.

சி.எம்.எல். (நாள்பட்ட மைலாய்டு லுகேமியா) கதை வேறு. சி.டி.34, சி.டி.117, எம்.பி.ஓ., லைசோசைம் சாயங்களில் தோலில் பிளாஸ்ட் (முதிராத புற்றணு) திரள் உறுதியானால், எலும்பு மஜ்ஜை எப்படி இருந்தாலும் அது பிளாஸ்ட் கட்டம் (நோய் தீவிரமடைந்த நிலை). அறிக்கை அச்சாகும் வரை காத்திராமல் ரத்தவியல் மருத்துவரை அன்றே அழைத்துச் சொல்லுங்கள்.