பயாப்ஸி ரிசல்ட் வரும்வரை நான் செய்தது

மதுரையில் மார்புக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துவிட்டு பாம்பனுக்கு பஸ் ஏறினேன். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். புண் ஆறும்வரை நனைக்கக் கூடாது, கடலில் பாசி எடுக்கவும் போக முடியாது, கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்குமா, ராத்திரியெல்லாம் போனில் தேடித் தேடி எனக்கு நானே நோயை முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மதினி போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, ஒரு கூடை சூடை மீனை முன்னால் கொட்டி "செதில் எடு" என்றார்.

உண்மையில் என்னைத் தேற்றியது நர்ஸம்மா சொன்னதுதான். எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றித்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். வேறு சாயமும் தேவைப்பட்டால் இன்னும் சில நாள். ஆக, தாமதம் என்றாலே கெட்ட செய்தி இல்லை. அப்புறம் ரிசல்ட்டை யார் சொல்வார்கள், எப்போது கூப்பிடலாம் என்று கேட்டு காலண்டரில் குறித்துக்கொண்டேன். அழுகைக்குச் சாயங்காலம் அரைமணி, கடற்கரையில், தனியாக.

ஒன்பதாம் நாள் வந்தது. ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லை, ஆறு மாதம் கழித்து ஸ்கேன். மதினியிடம் சொன்னேன். "சரி, போனை எடுத்துக்க, உலை வைக்கணும்" என்றார்.