கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரத்தில் மாயன் இடிபாடுகளைப் பார்க்க

மேற்குக் கரீபியன் பக்கம் போகும் க்ரூஸ் கப்பலில் இடம் போட்டவர்கள் முதலில் கேட்பது "சிச்சென் இட்சா போய் வரலாமா?" என்றுதான். மெக்சிகோவில் பழங்கால மாயா மக்கள் கட்டிய பெரிய பிரமிடு இருக்கும் இடம் அது. அந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். கப்பல் காலை 8 மணிக்குக் கோசுமெல் வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 9 மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இறங்கி வெளியே வரவே முக்கால் மணி ஆகிவிடும். கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி முன்பே ஏறியிருக்க வேண்டும். கோசுமெல் மெக்சிகோவின் ஒரு தீவு. அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள ப்ளாயா தெல் கார்மெனுக்குப் படகில் முக்கால் மணி, பிறகு பேருந்தில் இரண்டரை மணி. திரும்பி வருவதற்கும் அதே அளவு. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கழித்தால் பிரமிடுக்கு முன்னால் நிற்க ஒரு மணி நேரம் மிஞ்சுவதே பெரிய விஷயம்.

இடிபாட்டில் முழுதாக 2 மணி நேரம் கிடைக்காத பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெயர் பெற்ற இடத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்ப்பதைவிட, பக்கத்தில் இருக்கும் சிறிய இடத்தை நின்று நிதானமாகப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆகவே கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

சிச்சென் இட்சாதான் வேண்டும் என்றால் ப்ரொக்ரேசோ துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பிடியுங்கள். அங்கிருந்து தரைவழியாகவே சுமார் 2 மணி நேரம்தான், படகுப் பயணம் கிடையாது. அங்குள்ள கப்பல் மேடை கடலுக்குள் 6 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருப்பதால் ஊருக்குள் போகவே பேருந்துதான், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே துறைமுகத்திலிருந்து ஒன்றரை மணி தூரத்தில் உஷ்மால் என்ற மாயா இடிபாடு இருக்கிறது. எங்களைக் கேட்டால் உஷ்மாலைத்தான் சொல்வோம். கூட்டம் குறைவு, கல்வேலை நுட்பமானது. நேரம் மிகக் குறைவாக இருந்தால் அரை மணி தூரத்தில் ஸிபில்சால்துன். அங்கே ஏழு பொம்மைகள் கோயிலும் 40 மீட்டருக்கு மேல் ஆழமான ஓர் இயற்கை நீர்க்கிணறும் (சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான குளம்) உண்டு.

கோசுமெலில் இறங்கினால் துலூம் பொருத்தமானது: படகில் முக்கால் மணி, சாலையில் ஒரு மணி. மூன்று பக்கம் மதிலும் நான்காவது பக்கம் கடலும் காக்கும் கோட்டை ஊர் அது. நிழல் மிகக் குறைவு, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நுழைவாயிலுக்கு நல்ல தூரம் நடக்கவும் வேண்டும். காற்று அதிகமான நாளில் அந்த 45 நிமிடப் படகுப் பயணத்தில் பலருக்கு வாந்தி வந்துவிடும். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி முதல் ஒரு மணி முன்பே போட வேண்டும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் தீவுக்குள்ளேயே டாக்ஸியில் சான் கெர்வாசியோ போகலாம். இஷ்செல் தேவியைக் கும்பிட மாயாப் பெண்கள் யாத்திரையாக வந்த இடம் அது. கட்டடங்கள் சிறியவை, பிரம்மாண்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகிறீர்களா? கோஸ்டா மாயா துறைமுகத்திலிருந்து சக்சோபென் இடிபாடு ஒரு மணி நேரத்துக்குள்தான். பெரிய மரங்களின் நிழலில் நடக்கலாம்.

பெலீஸ் நாடு வேறு மாதிரி. கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போடும். சிறு படகில் 20, 30 நிமிடம் கரைக்கு வர வேண்டும். திரும்பும் கடைசிப் படகு, கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விடும். நீங்கள் குறித்து வைக்க வேண்டியது அந்தக் கடைசிப் படகின் நேரத்தைத்தான். ஒரு மணி தூரத்திலுள்ள அல்துன் ஹா இடிபாட்டுக்கு இந்த நேரம் போதும். 1968-ல் சூரியக் கடவுளின் தலையாகச் செதுக்கிய, 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள பச்சைக்கல் (ஜேட்) கிடைத்தது இங்குள்ள கோயில் ஒன்றில்தான். லமனாய்க்கு ஆற்றில் படகில் போகும் பாதை மிக அழகு, ஆனால் நாள் முழுதும் அதற்கே போய்விடும்.

இனி, பலரைக் கரையில் தவிக்கவிடும் விஷயம்: கடிகாரம். கோசுமெல், துலூம், கோஸ்டா மாயா எல்லாம் கின்தானா ரோ மாநிலத்தில் உள்ளன. ப்ரொக்ரேசோ, உஷ்மால், சிச்சென் இட்சா இருப்பது யுகாத்தான் மாநிலத்தில், அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். இதுபோக, கப்பல் தன் சொந்த நேரத்தையே வைத்துக்கொள்வதும் உண்டு. கோடையில் மயாமியிலிருந்து கிளம்பிய கப்பல் மயாமி நேரத்தை மாற்றாமல் கோசுமெல் வந்தால், கரையிலுள்ள கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் காட்டும். செல்போன் தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். அதைப் பார்த்து "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று உட்கார்ந்திருப்பவர்களைத்தான் கப்பல் விட்டுவிட்டுப் போகிறது. செல்போனில் தானியங்கி நேரத்தை நிறுத்துங்கள், அல்லது கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் பயணத்தில் போனால் பேருந்து தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு: காத்திருப்பார்கள், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். விலை கூடுதல்தான். துலூமுக்கும் சிச்சென் இட்சாவுக்கும் அந்தக் கூடுதல் பணம் தகும். சான் கெர்வாசியோ போன்ற பக்கத்து இடங்களுக்கு டாக்ஸியே போதும், கட்டணத்தை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். சொந்தமாகப் போகிறவர்கள் கப்பல் ஏறும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு வரும்படி திட்டமிடுங்கள். கடவுச்சீட்டு கப்பலில் இருந்து, கப்பலும் போய்விட்டால் அடுத்த ஊருக்கு விமானம் ஏற முடியாது. இந்தியக் கடவுச்சீட்டில் அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்கள், பல முறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள்.

பையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, பிடிமானமுள்ள காலணி. ரப்பர் செருப்பு வேண்டாம். பலர் நடந்து வழவழப்பான சுண்ணாம்புக் கல் லேசாக நனைந்தாலே வழுக்கும். மெக்சிகோவில் நுழைவுக் கட்டணத்தைப் பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்கள் தனித்தனியாக வாங்கும். பெசோவில் ரொக்கம் வைத்திருங்கள், கார்டை மட்டும் நம்ப வேண்டாம். கப்பலிலிருந்து பழம், சமைத்த உணவு எதையும் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது, சீல் பிரிக்காத பிஸ்கட்டுக்குப் பொதுவாகத் தடையில்லை. சைவர்கள் கவனிக்க: அங்கே பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். "சின் கார்னே, சின் மந்தேகா" என்று கேளுங்கள், இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லாமல் தருவார்கள்.

உள்ளே போனதும் கடைகளைத் தாண்டி நேராகப் பெரிய கட்டடத்துக்குப் போய்விடுங்கள். கூட்டமும் வெயிலும் ஏறுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும். சிச்சென் இட்சாவில் பிரமிடு மீது ஏற விடமாட்டார்கள். பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கமும் மேடையும் சேர்த்து 365. வடக்குப் படிக்கட்டுக்கு எதிரே தள்ளி நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள், எதிரொலி பறவையின் கீச்சொலி போலத் திரும்பி வரும். உஷ்மாலில் அறைகளுக்குள் நிமிர்ந்து பாருங்கள். இரு சுவர்களும் வரிசைக்கு வரிசை சிறிது உள்ளே நீண்டு உச்சியில் ஒரு தட்டைக் கல்லில் முடிகின்றன. இந்த முறையில் அகலமான கூரை போட முடியாது, அதனால்தான் அறைகள் அவ்வளவு ஒடுக்கம். வெளிச்சுவரில் வளைந்த மூக்கோடு வரிசையாக இருப்பவை மழைக்கடவுள் சாக்கின் முகங்கள் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். ஆறோ நீர்க்கிணறோ இல்லாமல், மழைநீரைத் தரையடித் தொட்டிகளில் சேர்த்து வாழ்ந்த ஊர் அது.

ஏற அனுமதியுள்ள இடங்களில் இறங்குவதுதான் ஆபத்து. படி உயரம் அதிகம், கால் வைக்கும் இடம் குறுகல். நேராக இறங்காமல், பாதத்தைப் பக்கவாட்டில் வைத்துக் குறுக்காக இறங்குங்கள்.

ட்ரோன் பறக்கவிடக் கூடாது, முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். தரையில் கிடக்கும் பானை ஓடு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம். வாசலில் விற்கும் கருங்கண்ணாடிக் கல் கத்திகளையும் வாங்க வேண்டாம், கப்பல் ஏறும்போது சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.