ஹாட்ஸ்பாட் எரிமலைகள்: பாடப்படம் செய்யவைக்கும் தவறுகள்

உலகின் எரிமலைகளில் பெரும்பாலானவை புவித்தட்டுகளின் விளிம்புகளில்தான் இருக்கின்றன. ஹவாயோ பசிபிக் தட்டின் நட்டநடுவில், எந்த விளிம்புக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. இதற்கு 1963-ல் கனடாவின் டூசோ வில்சன் சொன்ன விளக்கம்தான் ஹாட்ஸ்பாட். நம் பாடநூல்களில் வெப்பப்புள்ளி. விளக்கம் எளிது: ஆழத்தில் ஏறக்குறைய ஓரிடத்திலேயே நிற்கும் ஒரு சூடான பகுதி, தன் மேலே நகரும் தட்டில் எரிமலைகளை உண்டாக்குகிறது. அதற்குப் போடும் படத்தில்தான் கோளாறு.

முதல் கோளாறு, கீழே கற்குழம்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாக நினைப்பது. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தடித்த அடுக்கான கவசத்துக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து வைத்தால் வேறென்ன தோன்றும்? கவசம் திடப்பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. ஆனால் கவசத்துக்குள் தாராளமாகப் போய், அதற்கும் கீழே இருக்கும் திரவமான வெளிக்கருவத்தின் வாசலில்தான் நின்றுவிடுகின்றன. போதாததற்கு, ஹவாயின் ஓவாகு தீவில் சில பழைய எரிமலைகள் கவசத்தின் துண்டுகளையே அள்ளிக்கொண்டு வந்து போட்டிருக்கின்றன. பச்சை ஆலிவின் மணிகள் பொதிந்த கனமான கல் அது.

பிறகு குழம்பு எங்கிருந்து வருகிறது? ஆழத்திலிருந்து சூடான பாறை, திடநிலையிலேயே, மிக மெதுவாக மேலேறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பத்திலேயே பாறை உருகத் தொடங்கும். அப்படி உருகுவதும் ஒரு சிறு பங்குதான். அது கசிந்து, திரண்டு, மேலோட்டைத் துளைத்து வெளியே வருகிறது. கூடுதல் சூடு எதுவும் வேண்டாம், தலைமேல் இருந்த பாரம் குறைந்ததே போதும். விடைத்தாளில் பலர் விட்டுவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

அடுத்தது, ஹாட்ஸ்பாட் தென்கிழக்காக நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு தீவாக உண்டாக்கியது என்று எழுதுவது. முக்கியமாக நகர்வது தட்டு, அதுவும் வடமேற்காக. ஹவாயின் பெரிய தீவில் உள்ள கிலாவேயா இன்றைய எரிமலை. அங்கிருந்து சுமார் 500 கி.மீ. வடமேற்கில் இருக்கும் கவாய் தீவுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 10 செ.மீ. வருகிறது. அடுத்த எரிமலையும் தென்கிழக்கில், அதே பெரிய தீவின் கரையிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில், கடலுக்கடியில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இதை விளக்க, எரியும் மெழுகுவர்த்திக்கு மேல் காகிதத்தை நகர்த்துவதுபோல என்பார்கள். வகுப்பறைக்கு நல்ல உவமைதான். ஆனால் அதை நம்பி, மெழுகுவர்த்தி அசையவே அசையாது என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. ஹவாய்த் தொடர் வடமேற்கே போய், சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இடத்தில் சட்டென்று வடக்கே திரும்பி, எம்பெரர் கடலடி மலைகளாகத் தொடர்கிறது. தட்டு திசை மாறியதால் வந்த வளைவு என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2001-ல் அந்த மலைகளைத் துளைத்து எடுத்த பாறைகளின் காந்தப் பதிவு (பாறை எந்த அட்சரேகையில் உறைந்தது என்பதை அது சொல்லும்), அவற்றுள் பழையவை இன்றைய ஹவாயைவிட நன்றாக வடக்கே உருவானவை என்று காட்டியது. அதாவது ஹாட்ஸ்பாட்டும் தெற்கே நகர்ந்திருக்கிறது. வளைவில் எதன் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹாட்ஸ்பாட் என்றாலே தட்டின் நடுவில், கடலில்தான் இருக்கும் என்பதும் தவறு. ஐஸ்லாந்து தட்டுகள் விலகும் விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் கண்டத்தின் உள்ளே இருக்கிறது. அது வெடிக்க வேண்டிய காலக்கெடு தாண்டிவிட்டது என்று யூடியூபில் வரும் கணக்கைக் கண்டுகொள்ளாதீர்கள்: நடந்த பெருவெடிப்புகள் மூன்று, நடுவே இடைவெளிகள் இரண்டு. இரண்டை வைத்துச் சராசரி போடுவது கணக்கே இல்லை.

நம் பக்கத்தில் அடிக்கடி குழம்புவது அந்தமானின் பாரன் தீவு. அது ஹாட்ஸ்பாட் அல்ல; ஒரு தட்டு இன்னொன்றின் கீழே அமிழும் இடத்து எரிமலை.

தக்காணத்தின் லாவாப் பாறைகள் வேறு கதை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பீறிட்டதற்கு இன்று மடகாஸ்கருக்குக் கிழக்கே ரியூனியன் தீவின் கீழிருக்கும் ஹாட்ஸ்பாட்தான் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அதற்காக இன்றும் மகாராஷ்டிரத்துக்குக் கீழே அது இருப்பதாக எண்ண வேண்டாம். இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கே நீளும் மேடு அந்த ஹாட்ஸ்பாட்டின் தடம். அங்கிருந்து மொரீஷியஸுக்கு நேராகக் கோடு இழுத்துவிடாதீர்கள். இடையே, தட்டுகள் விலகும் விளிம்பான மத்திய இந்தியப் பெருங்கடல் முகடு ஹாட்ஸ்பாட்டைக் கடந்து போனதால், மொரீஷியஸும் ரியூனியனும் இருப்பது ஆப்பிரிக்கத் தட்டின் மேல்.