கியோஸ்: மஸ்தகி மரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' கேட்டால் வெளிர்மஞ்சள் பிசின் துளிகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அசல் சரக்காக இருந்தால் அது வந்த இடம் கியோஸ் தீவின் தென்கோடி. ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு எதிரே கிடக்கும் கிரேக்கத் தீவு இது. இந்தப் பிசினைத் தரும் மஸ்தகி மரம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளரும். ஆனால் பெரிய அளவில் பிசின் எடுப்பது இங்குள்ள 24 ஊர்களில்தான்.

ஏதென்ஸிலிருந்து விமானம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பிரேயுஸ் துறைமுகத்து இரவுக் கப்பல் மலிவு. ஆனால் விடியுமுன்பே இறக்கிவிடும் கப்பல்களும் உண்டு, அறை எடுக்கும்போது அதைக் கணக்கில் வையுங்கள். எதிர்க்கரையில் உள்ள செஷ்மேக்குப் படகில் அரை மணி நேரம் சொச்சம்தான். ஒருநாள் போய்வரலாமே என்று ஆசை வரும். கையில் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) என்றால் திரும்ப வர முடியாது. துருக்கி விசாவும் தனியாக வேண்டும்.

தீவுக்குள் பேருந்தை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். இரண்டு நாளுக்காவது வாடகைக் கார் எடுங்கள், அதில் ஒரு முழு நாளைத் தெற்குக்கே ஒதுக்குங்கள்.

போக நல்ல காலம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். கடற்கரைக்காக ஜூனில் வருபவர்கள் வெறும் புதரைத்தான் பார்ப்பார்கள். கோடைத் தொடக்கத்தில் மரத்தடியைக் கூட்டிச் சமன்செய்து, சலித்த வெள்ளைச் சுண்ண மண்ணை வட்டமாகப் பரப்புகிறார்கள். ஜூலை நடுவிலிருந்து கூரான சிறு கருவியால் அடிமரத்தில் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளத்துக்குக் கீறுகிறார்கள். கீறல் ஆழமானால் மரம் நலியும். கசியும் பிசின் வெள்ளை மண்ணில் சொட்டி, இரண்டு மூன்று வாரத்தில் இறுகுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் அழுக்கும் சருகும் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மழை பெய்தால் சரக்கு கெட்டுவிடும். காலை வெயில் ஏறுமுன் தோப்பில் இருந்தால் கிளைக்கடியில் துளிகள் மின்னுவது தெரியும். எடுத்து வாயில் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. கோடைக் காட்டுத்தீக்கு இத்தீவு பலமுறை பலியாகியிருக்கிறது, அதனால் சிகரெட்டைக் காரிலேயே அணைத்துவிடுங்கள். முழுச் செய்முறையையும் பார்க்க, பீர்கி என்ற ஊர் அருகே 2016-ல் திறந்த மஸ்தகி அருங்காட்சியகம் போதும்.

பீர்கியில் தலையை நிமிர்த்தியே நடக்க வேண்டும். கருமணல் கலந்த பூச்சின் மேல் சுண்ணாம்பு அடித்து, அது காயுமுன் முள்கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்த கட்டங்களும் முக்கோணங்களும் வீட்டுச் சுவர் முழுக்க ஓடுகின்றன. அங்கிருந்து மெஸ்தா என்ற ஊர். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள், கடற்கொள்ளையரிடமிருந்து மஸ்தகியைக் காக்க இவ்வூர்களைக் கோட்டை போல அமைத்தார்கள். ஓரத்து வீடுகளின் முதுகுதான் மதில். சந்துகள் வேண்டுமென்றே முட்டுச்சந்தாக முடியும். கூகுள் மேப்பும் இங்கே தடுமாறும், நடுச்சதுக்கத்துத் தேவாலயத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேயா மோனி மடம் மலைமேல் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டுப் பொன் மொசைக்குகள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. 1822-ல் ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) படை நடத்திய படுகொலையில் இறந்தவர்களின் மண்டையோடுகள் சிறு கோயிலின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

சாப்பாட்டில் முதலில் கேட்க வேண்டியது 'இப்போவ்ரீஹியோ': குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் ஒரு கரண்டி வெள்ளை மஸ்தகிப் பாகு. கரண்டியை நக்கி நக்கிச் சாப்பிட்டு, மிஞ்சிய தண்ணீரைக் குடிக்க வேண்டும். கலக்கிவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். காம்போஸ் பகுதித் தோட்டங்களின் மாண்டரின் ஆரஞ்சுப் பாகும் நன்றாக இருக்கும். சைவர்கள் 'நிஸ்தீசிமோ' என்ற விரத உணவை அப்படியே நம்ப வேண்டாம். அதில் கணவாயும் இறாலும் வரும். 'ஹொரிஸ் க்ரெயாஸ், ஹொரிஸ் ப்சாரி, ஹொரிஸ் தலசினா' என்று சொல்லுங்கள்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், கணவாய் இறால் வகையும் வேண்டாம்.

வாங்கி வந்த துளிகளை நேரே மிக்ஸியில் போட்டால் சூட்டில் இளகி, பிளேடில் சூயிங்கம் போல அப்பிக்கொள்ளும். கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு உரலில் இடியுங்கள். ஒரு லிட்டர் பால் பாயசத்துக்கு மூன்று நான்கு சிறு துளிகளே அதிகம். அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேருங்கள். கூடினால் பைன் மரத்தைக் கடித்த மாதிரிக் கசக்கும், அதற்கு மேல் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் சரியாகாது.