மோர்ஸைக் கண்ணால் படிக்காதீர்கள்

எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைக் கற்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே புள்ளியும் கோடும் போட்ட அட்டவணையை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். பின்னால் வரும் தடங்கல்களுக்கு வித்து அதுதான். கண்ணால் மனப்பாடம் செய்தவர் ஒலியைக் கேட்டதும் அதைப் புள்ளி கோடாக்கி, எண்ணி, மனதுக்குள் இருக்கும் அட்டவணையில் தேடித்தான் எழுத்தைப் பிடிக்கிறார். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் இதற்கு அவகாசம் உண்டு. 10 சொல்லை நெருங்கும்போது ஓர் எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எஸ், எச், எண் 5 ஆகிய மூன்றும் முறையே மூன்று, நான்கு, ஐந்து டிட்கள் (டிட் என்பது புள்ளியின் ஒலி, டா என்பது கோட்டின் ஒலி). எண்ணுகிறவர்கள் முதலில் சறுக்குவது இவற்றில்தான். சி என்றால் ‘டா-டி-டா-டிட்’ என்ற முழு ஒலி மட்டும் காதில் நிற்க வேண்டும். குறிகளைக் கிளைகளாகக் காட்டும் மரப்படம், நினைவு வாக்கியம் எதுவும் வேண்டாம்.

இந்தியாவில் அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் கேட்டுவந்த வேகம் நிமிடத்துக்கு 8 சொல்தான். அதனால் 5 சொல்லில் தொடங்கி மெல்ல ஏறலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இது அட்டவணையைவிடப் பெரிய கண்ணி. ஒரு டிட்டின் நீளம் மில்லிநொடியில் 1200 வகுத்தல் வேகம். 5 சொல்லில் ஒரு டிட் 240 மில்லிநொடி, சி எழுத்து முழுதாக 2.6 நொடி இழுக்கும். அவ்வளவு இழுத்தால் எண்ணாமல் இருக்க யாராலும் முடியாது. 20 சொல்லில் அதே சி 0.66 நொடியில் முடிந்துவிடுவதால் எண்ண இடமில்லை, காது மொத்தமாகப் பிடித்தே ஆக வேண்டும். எனவே எழுத்தின் வேகத்தை 18 முதல் 20 சொல்லில் வைத்து, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை மட்டும் நீட்டுங்கள். இதுதான் ஃபார்ன்ஸ்வொர்த் முறை. ஆனால் நீட்டிய இடைவெளியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்த மௌனத்துக்குள் பழைய எண்ணும் பழக்கம் திரும்ப நுழையும். பிழை குறையக் குறைய இடைவெளியையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

எழுத்துகளை எந்த வரிசையில் கற்பது? ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோக் 1930களில் வகுத்த வழி இன்றும் செல்லுபடியாகிறது: முழு வேகத்தில் இரண்டே எழுத்து, 90 விழுக்காடு சரியாக வந்தால் மூன்றாவது. பயிற்சிச் செயலிகள் பெரும்பாலும் கே, எம் என்றே தொடங்கும். தினம் 15 நிமிடம் இருமுறை போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுக்க விடுவது வீண். ஒரே ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மனப்பாடமாவது மோர்ஸ் அல்ல, அந்தக் கோப்பு. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைத்துக் கேளுங்கள். ஓர் எழுத்து தவறினால் தாளில் இடம் விட்டு நகருங்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த மூன்றும் போய்விடும்.

அனுப்புவதில் கெடுவது பெரும்பாலும் டிட்டோ டாவோ அல்ல, இடைவெளி. டா என்பது மூன்று டிட் நீளம். எழுத்துக்குள் குறிகளுக்கு நடுவே ஒரு டிட், எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு டிட் அளவு மௌனம். ஏ, என் இரண்டையும் ஒட்டி அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு பி (P, டி-டா-டா-டிட்) என்று கேட்கும். சிக்யூவை (CQ, எல்லோருக்குமான பொது அழைப்பு) எழுத்துக்குள்ளேயே நடுநடுவே இடைவெளி விட்டு அனுப்பினால் என், என், எம், ஏ ஆகிவிடும். மோர்ஸைப் படித்துக் காட்டும் கைபேசிச் செயலியை, வரும் மோர்ஸைப் புரிந்துகொள்வதற்கு நம்பாதீர்கள், காது சோம்பிவிடும். உங்கள் கையைச் சோதிக்க மட்டும் அது நல்ல கருவி: அது தப்பாகக் காட்டினால் முதலில் இடைவெளியைச் சந்தேகியுங்கள்.

பயிற்சிக்கு ரேடியோ தேவையில்லை. 555 ஐசி ஒன்று, 1 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி இருந்தால் 685 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் ஆசிலேட்டர் (ஒலி எழுப்பும் சுற்று) தயார். காதுக்கு இதமான சுருதி அது.

நேர் கீயில் (மேலிருந்து அழுத்தி அனுப்பும் சாதாரண மோர்ஸ் விசை) இரு முனைகளுக்கு நடுவே மெல்லிய அட்டை நுழையும் அளவு இடம் போதும். அகல வைத்தால் கை கீயை ஓங்கி அடிக்கத் தொடங்கும், மணிக்கட்டு வலிக்கும். முன்கையை மேசையில் சாய்த்து மணிக்கட்டால் அழுத்துங்கள். பேடில் (டிட்டுக்கும் டாவுக்கும் தனித்தனித் துடுப்பு உள்ள விசை) வாங்கியவர்கள், குறிகளைத் தானே உருவாக்கும் கீயர் கருவியில் ஐயாம்பிக் ஏ முறையா, பி முறையா என்று பாருங்கள். ஐயாம்பிக்கில் இரு துடுப்பையும் சேர்த்து அழுத்தினால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். பி முறையில் இரு துடுப்பையும் விட்ட பிறகும் எதிர்க்குறி ஒன்று கூடுதலாக வரும். ஏ முறையில் பழகிய கை அதில் சி அனுப்பினால் வால் போல ஒரு டா ஒட்டும். அதைக் கைப்பிழை என்று நினைத்துப் பலர் வாரக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

உரிமம் கையில் வந்தபின் முதல் அழைப்பைத் தள்ளிப்போடுவதும் பொதுவான தவறு. உங்கள் காது பிடிக்கக்கூடிய வேகத்தில் மட்டும் சிக்யூ அனுப்புங்கள், ஏனெனில் பதிலும் அதே வேகத்தில்தான் வரும். அதற்கு முன் அலைவரிசையைச் சற்றுக் கேட்டு, கியூஆர்எல் (இந்த அலைவரிசை பயன்பாட்டில் உள்ளதா?) என்று வினவுங்கள். எதிரில் இருப்பவர் வேகமாக ஓடினால், கியூஆர்எஸ் (மெதுவாக அனுப்புங்கள்) என்று அனுப்பினால் அநேகமாக வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பிழை வந்தால் தொடர்ந்து எட்டு டிட்கள் அனுப்பிவிட்டு, அந்தச் சொல்லை முதலிலிருந்து அனுப்புங்கள்.